பிலிப்பைன்ஸின் ஸ்பானியர் காலத் தேவாலயங்களைக் காப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிலிப்பைன்ஸுக்குச் சுற்றுலா போகிறவர்களும் அங்கே வேலை பார்க்கும் நம்மவர்களும் பழைய தேவாலயங்களைப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு கட்டிடத்துக்குப் பட்டம் கொடுப்பது வேறு, அதைப் பாதுகாப்பது வேறு என்பது என் உறுதியான எண்ணம். பதில்கள் பலவற்றில் அது தலைகாட்டும்.

எந்தக் காலத்துத் தேவாலயங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

1565-ல் லெகாஸ்பி என்ற ஸ்பானியத் தளபதி செபு தீவில் காலூன்றினார். அன்று தொடங்கி 1898 வரை பிலிப்பைன்ஸ் ஸ்பெயினின் கையில் இருந்தது. அகுஸ்தினார், பிரான்சிஸ்கன், இயேசு சபை, தோமினிக்கன், ரெக்கலெக்ட் என்று பல சபைத் துறவிகள் தீவுகளைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு ஊர் ஊராகப் பங்குகளை (ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகங்களை) நிறுவினார்கள். ஊர் நடுவே ஒரு சதுக்கம், அதைப் பார்த்தபடி தேவாலயம், அதை ஒட்டிப் பங்குத்தந்தையின் இல்லம். இன்றும் பெரும்பாலான பழைய ஊர்களின் அமைப்பு இதுதான்.

முதலில் கட்டியவை மூங்கிலும் மரமும் ஓலையும்தான். 1583-ல் மணிலாவின் சான் அகுஸ்தின் தேவாலயத்தில் ஆளுநர் ஒருவரின் இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்தபோது மெழுகுவர்த்தியிலிருந்து துணியில் தீப்பிடித்து நகரமே எரிந்தது. அப்புறம்தான் கல்லில் கட்டும் பழக்கம் வேரூன்றியது.

யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை எவை?

'பிலிப்பைன்ஸின் பரோக் தேவாலயங்கள்' என்ற பெயரில் நான்கு தேவாலயங்கள் 1993-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாகின. (பரோக் என்பது அலங்காரம் மிகுந்த ஓர் ஐரோப்பியக் கட்டிடப் பாணி.) நான்கும் நான்கு விதம்.

முதலாவது, மணிலாவின் இந்த்ராமுரோஸ் கோட்டைக்குள் இருக்கும் சான் அகுஸ்தின். 1587-ல் தொடங்கி 1607-ல் முடித்தார்கள். நாட்டில் இருப்பவற்றில் பழமையான கல் தேவாலயம் இதுவே. 1945-ல் ஜப்பானியர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் நடந்த மணிலாப் போரில் இந்த்ராமுரோஸ் தரைமட்டமானது. உள்ளே இருந்த ஏழு தேவாலயங்களில் தப்பியது இது மட்டும்தான். உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். கூரை வளைவு முழுக்கச் செதுக்கு வேலை நிறைந்தது போலத் தெரியும். அத்தனையும் தட்டையான பரப்பில் வரைந்த ஓவியம். 1875-ல் அல்பெரோனி, திபெல்லா என்ற இரண்டு இத்தாலிய ஓவியர்கள் வரைந்தது.

இரண்டாவது, இலோகோஸ் நோர்த்தே மாகாணத்தின் பவாய். 1710-ல் முடிந்த இதன் பக்கவாட்டில் வரிசையாகப் பிரம்மாண்டமான முட்டுச்சுவர்கள். மூன்றாவது, இலோகோஸ் சூர் மாகாணத்தின் சாந்தா மரியா. சதுக்கத்தைப் பார்த்து நிற்கும் வழக்கத்தை விட்டு, குன்றின் மேல் கோட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. 85 படி ஏற வேண்டும். நான்காவது, இலோயிலோ மாகாணத்தின் மியாகாவ், 1797-ல் முடிந்தது. கடல் வழியாக வந்த கொள்ளைக் கூட்டங்களுக்குப் பயந்து தடித்த சுவர்களோடு கட்டினார்கள். ஆனால் முகப்பைச் செதுக்கியவர்களுக்கு அந்தப் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. குழந்தை இயேசுவைத் தோளில் சுமக்கும் புனித கிறிஸ்தோபர் அங்கே ஒரு தென்னை மரத்தைப் பிடித்தபடி நிற்கிறார். சுற்றிலும் பப்பாளியும் கொய்யாவும்.

'பூகம்ப பரோக்' என்கிறார்களே, அது என்ன?

ஐரோப்பாவின் பரோக் பாணியை அப்படியே கொண்டுவந்து கட்டினால் இந்தத் தீவுகளில் நிற்காது. 1645, 1863, 1880 என்று பெரிய நிலநடுக்கங்கள் மணிலாவை மாறி மாறி உலுக்கின. 1863-ல் மணிலா பேராலயம் இடிந்ததில், உள்நாட்டுக் குருக்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்துவந்த பேத்ரோ பெலாயெஸ் என்ற குருவும் மாண்டார். 1880 நிலநடுக்கத்தில் சான் அகுஸ்தினின் இரண்டு மணிக்கூண்டுகளில் ஒன்று விரிசல் விட்டு, பிறகு அகற்றப்பட்டது. இன்று ஒற்றைக் கூண்டோடுதான் நிற்கிறது.

பட்டறிவால் கட்டிட முறை மாறியது. உயரத்தைக் குறைத்தார்கள், சுவரைத் தடிமனாக்கினார்கள், பக்கவாட்டில் முட்டுக்கொடுத்தார்கள், மணிக்கூண்டைத் தள்ளிக் கட்டினார்கள். பவாயில் மணிக்கூண்டு தனியாக நிற்பதற்குக் காரணம் இதுதான்: ஆடி விழுந்தாலும் தேவாலயத்தின் மேல் விழாது. அங்குள்ள முட்டுச்சுவர்களில் சில படிக்கட்டு வடிவில் இருக்கின்றன. கூரையைப் பழுதுபார்க்க ஏறிப் போகும் வசதியாக அப்படிக் கட்டியிருக்கலாம் என்கிறார்கள். எனக்கு அந்த விளக்கம் பிடித்திருக்கிறது. பராமரிக்க வேண்டியிருக்கும் என்று கட்டும்போதே நினைத்தவர்கள் அவர்கள்.

அடிமைப்படுத்தியவர்கள் கட்டியதை ஏன் காப்பாற்ற வேண்டும்?

நியாயமான கேள்வி. இவற்றைக் கட்டியதில் பெரும் பங்கு கட்டாய உழைப்பு. 'போலோ' என்ற முறையின்படி 16 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு 40 நாள் அரசு வேலைக்குப் போக வேண்டும். 1884-ல்தான் அது 15 நாளாகக் குறைந்தது. மரம் வெட்டியது, கடலிலிருந்து பவளக்கல் அறுத்தது, சுண்ணாம்பு சுட்டது எல்லாம் ஊர் மக்கள். இதைச் சொல்லாமல் அழகை மட்டும் காட்டும் வழிகாட்டிகள் பாதிக் கதைதான் சொல்கிறார்கள்.

ஆனால் அந்த உழைப்பே இவற்றைக் காப்பதற்கான முதல் காரணமும் ஆகிறது. மியாகாவின் தென்னை மரத்தைச் செதுக்கிய கை ஸ்பெயினிலிருந்து வந்ததல்ல. அதோடு, விடுதலை வரலாறும் இதே சுவர்களுக்குள் நடந்திருக்கிறது. 1898 செப்டம்பரில் புரட்சியாளர்களின் சட்டமன்றம் கூடியது மலோலோஸ் நகரின் பராசோவாயின் தேவாலயத்தில். 1899 ஜனவரி 23 அன்று முதல் பிலிப்பைன் குடியரசு பதவியேற்றதும் அங்கேதான். பவாய் மணிக்கூண்டில் ஏறி நின்று புரட்சிக்காரர்கள் எதிரியை வேவு பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போரில் கெரில்லாக்களும் அதையே செய்தார்கள். பலேர் ஊரில் நேர்மாறான கதை: ஆட்சி முடிந்தது என்பதை நம்ப மறுத்த ஸ்பானிய வீரர்கள் ஒரு சிறு கூட்டமாக 1898 ஜூலை முதல் 1899 ஜூன் வரை ஊர்த் தேவாலயத்துக்குள் அடைந்துகொண்டு சண்டை போட்டார்கள்.

இடித்துவிட்டால் ஆட்சி செய்தவனின் கதையோடு ஆளப்பட்டவனின் கதையும் சேர்ந்தே போய்விடும்.

நாட்டுக்குள் அங்கீகாரம் கொடுப்பது யார்?

ஒரே அலுவலகம் என்று நினைத்துப் பலர் குழம்புகிறார்கள். 'தேசியப் பண்பாட்டுப் பொக்கிஷம்' என்ற உயர்ந்த பட்டத்தைத் தேசிய அருங்காட்சியகம் கொடுக்கிறது. அதற்கு அடுத்த படி 'முக்கியப் பண்பாட்டுச் சொத்து'. வரலாற்று நிகழ்வோடு தொடர்புள்ள இடங்களைத் தேசியச் சின்னமாக அறிவிப்பதும், வாசலில் வரலாற்றுப் பலகை வைப்பதும் தேசிய வரலாற்று ஆணையத்தின் வேலை. பண்பாட்டுக்கும் கலைக்குமான தேசிய ஆணையம் நிதியையும் பதிவேட்டையும் கவனிக்கிறது.

அடித்தளமான சட்டம் 2010-ல் கையெழுத்தான குடியரசுச் சட்டம் 10066. அதில் ஊர்க்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு விதி உண்டு. 50 ஆண்டுக்கு மேல் பழமையான எந்தக் கட்டிடமும், யாரும் அறிவிக்காவிட்டாலும், முக்கியப் பண்பாட்டுச் சொத்தாகவே கருதப்படும். அப்படிக் கருதக்கூடாது என்றால் அதற்கென்று மனுப்போட்டு நீக்கிக்கொள்ள வேண்டும். பட்டம் இல்லாத ஆயிரம் கட்டிடங்களுக்கு இதுதான் கவசம்.

தேவாலயங்களுக்கென்றே பெரிய அளவில் அறிவிப்பு வந்தது 2001-ல். அந்த ஆண்டு 26 தேவாலயங்களைத் தேசிய அருங்காட்சியகம் பொக்கிஷங்களாக அறிவித்தது. பவாய், பகார்ரா, சான் அகுஸ்தின் ஆகியவை 1973-லேயே ஓர் ஆணையின் மூலம் அந்தத் தகுதியைப் பெற்றிருந்தன.

கட்டிடம் திருச்சபையுடையது. மதச்சார்பற்ற அரசு எப்படிப் பணம் செலவழிக்கலாம்?

பிலிப்பைன்ஸ் அரசியலமைப்பு எந்த மதத்தின் பயனுக்காகவும் பொதுப் பணத்தைச் செலவிடத் தடை விதிக்கிறது. அதே அரசியலமைப்பு, நாட்டின் கலை, வரலாற்றுச் செல்வங்கள் அனைத்தும் தேசத்தின் பொக்கிஷம், அவை அரசின் பாதுகாப்பில் இருக்கும் என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது கதவு வழியாகத்தான் நிதி வருகிறது. இடிந்த மணிக்கூண்டைக் கட்டலாம், கூரையைக் காக்கலாம். புதிய ஒலிபெருக்கியோ குளிர்சாதனமோ வாங்கித் தர முடியாது.

சொத்து மறைமாவட்டத்துக்கு (ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், கீழ் வரும் பங்குகளின் தொகுதிக்கு), கட்டுப்பாடு அரசுக்கு என்பதால் உரசல் வராமல் இருக்காது. 2007-ல் வாடிகனும் பிலிப்பைன்ஸ் அரசும் திருச்சபையின் பண்பாட்டுச் செல்வங்கள் குறித்து உடன்படிக்கை செய்துகொண்டதற்குப் பின்னணி இதுதான். ஆயர் பேரவைக்கும் இதற்கென்று தனி ஆணைக்குழு உண்டு.

பட்டம் கிடைத்துவிட்டால் ஓர் ஆணிகூட அடிக்க முடியாதா?

பூசை நடக்கும், திருமணம் நடக்கும், பாஸ்கா காலத்தில் கூட்டம் அலைமோதும். யாரும் தடுப்பதில்லை. ஆனால் கட்டமைப்பை மாற்றும் வேலைகளுக்கு உரிய அமைப்பின் ஒப்புதல் வேண்டும். மீறினால் வேலையை உடனே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அரசு அமைப்புகளுக்கு உண்டு.

இழப்பு பெரும்பாலும் நல்லெண்ணத்தில்தான் தொடங்குகிறது. வெளிநாட்டில் சம்பாதிக்கும் ஊர்க்காரர் ஒருவர் பழைய தரையை எடுத்துவிட்டு பளபளப்பான டைல்ஸ் போட்டுத் தருகிறேன் என்பார். இன்னொருவர் மரப் பீடத்துக்குத் தங்க நிறப் பெயின்ட் அடிக்கப் பணம் தருவார். பங்குத்தந்தைக்கு மறுக்க மனம் வராது. 1960-களில் ஆயர்கள் கூடிய இரண்டாம் வாடிகன் சங்கத்துக்குப் பிறகு வழிபாட்டு முறை மாறியபோது பல ஊர்களில் பிரசங்க மேடைகளையும் நற்கருணைக் கிராதிகளையும் கழற்றிப் போட்டார்கள். கழற்றியவை பழம்பொருள் வியாபாரிகளிடம் போய்ச் சேர்ந்தன.

சிமெண்ட் பூசினால் என்ன தவறு? அது உறுதியானதுதானே?

உறுதியாக இருப்பதுதான் பிரச்சினை. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

பழைய சுவர்கள் பவளக்கல், எரிமலைச் சாம்பல் இறுகிய கல், சூளைச் செங்கல் ஆகியவற்றால் ஆனவை. எல்லாமே நுண்துளைகள் கொண்டவை. மழையில் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியேவிடும். இடையில் இருக்கும் சுண்ணாம்புக் காரை கல்லைவிட மென்மையானது. அதனால் ஈரம் காரை வழியாகவே வெளியேறும். தேய்வதும் காரைதான். சில தலைமுறைக்கு ஒருமுறை காரையைச் சுரண்டிப் புதிதாக நிரப்பினால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது. நிலம் ஆடும்போதும் அந்த மென்மை கொஞ்சம் இடம் கொடுக்கும்.

அந்த இடத்தில் சிமெண்டை வைத்து அடைத்தால் ஈரத்துக்குக் கல்லைத் தவிர வேறு வழி இல்லை. போகும்போது உப்பைக் கல்லின் முகத்தில் விட்டுப்போகும். பவளக்கல் கடலிலிருந்து வந்தது, உப்புக்குக் குறைவே இல்லை. உப்பு படிகமாகும்போது கல்லின் மேற்தோல் பொடிப்பொடியாக உதிரும். ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தால் கல் உள்வாங்கிக் குழிந்திருக்கும், சிமெண்ட் கோடுகள் மட்டும் வலைபோலத் துருத்திக்கொண்டு நிற்கும். அந்தச் சுவரின் மேல் விரலை வைத்து இழுத்தால் மாவு ஒட்டும். உள்ளே இரும்புக் கம்பி வைத்துக் கான்கிரீட் போட்டிருந்தால் இன்னும் மோசம். கம்பி துருப்பிடித்து உப்பி, சுற்றியுள்ள கல்லைப் பிளக்கும்.

பவாய் தேவாலயத்தின் காரையில் கரும்புச்சாறும், மாவிலையும் தோலும் வைக்கோலும் சேர்த்துக் கொதிக்கவைத்த நீரும் கலந்ததாகச் செவிவழிச் செய்தி உண்டு. கடுக்காயும் பனைவெல்லமும் ஊறவைத்துச் சுண்ணாம்பு அரைத்த நம் கொத்தனார்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்களா?

குறைவு. அதனால்தான் 2009-ல் இந்த்ராமுரோஸில் ஸ்பெயின் அரசின் உதவியோடு தொடங்கிய எஸ்குவேலா தாயேர் என்ற தொழிற்பள்ளியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். வசதியற்ற குடும்பங்களின் இளைஞர்களுக்குக் கொத்து வேலை, தச்சு, இரும்பு வேலை, பெயின்ட் வேலை எல்லாவற்றையும் பழைய முறையில் கற்றுக்கொடுக்கிறார்கள். ஒரு பெயர்ப்பலகைக்காகச் செலவு செய்து நடத்தும் விழாவைவிட, சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைக்க வேண்டும் என்று தெரிந்த ஒரு கொத்தனார் அதிகம் காப்பாற்றுவார்.

பூச்சை உரித்துக் கல்லைக் காட்டினால் பழமையாகத் தெரிகிறதே?

தெரியும், சில காலம். பழைய தேவாலயங்களில் பல, வெளியே 'பலிதாதா' என்ற சுண்ணாம்புப் பூச்சு போட்டே கட்டப்பட்டவை. அது அலங்காரம் மட்டும் இல்லை, சுவரின் மழைக்கோட்டும் அதுதான். கல்லும் செங்கல்லும் தெரிந்தால்தான் அழகு என்று ஒரு காலத்தில் ஆசை பரவி, ஊர் ஊராகக் கொத்தி எடுத்துவிட்டார்கள். நனைவதற்கென்று செய்யப்படாத மென்மையான கல், புயல் மழையில் நேராக நனைந்து கரைகிறது. செங்கல் தெரியும் சுவரைப் பார்த்து 'ஆகா, பழமை' என்று படம் எடுப்பதற்கு முன் மூலைகளைக் கவனியுங்கள். பூச்சின் மிச்சம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

சுவரில் செடி முளைத்தால் பிடுங்கிவிடலாமா?

சிறு செடி என்றால் உடனே பிடுங்கலாம். வேர் உள்ளே போய்விட்ட ஆல வகை மரக்கன்று என்றால் இழுக்கவே கூடாது, கல்லும் கூடவே வரும். வெட்டி, வேரைக் காயவிட்டு, பிறகு அந்த இடத்தைச் சுண்ணாம்பால் நிரப்ப வேண்டும்.

2013-ல் என்ன நடந்தது?

அந்த ஆண்டு அக்டோபர் 15 காலையில் போஹோல் தீவை 7.2 அளவு நிலநடுக்கம் தாக்கியது. இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். லோவோன், மரிபொஹோக் ஊர்களின் தேவாலயங்கள் கற்குவியலாயின. லோபோக்கின் மணிக்கூண்டு பாதியாகச் சரிந்தது, முகப்பு பெயர்ந்தது. பக்லாயோனிலும் முன்பகுதி விழுந்தது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 8 அன்று யோலாந்தா புயல் முதலில் கரை ஏறிய ஊர் கிழக்கு சாமாரின் கீவான். உட்சுவர்களில் கடல் சிப்பிகளைப் பதித்து அலங்கரித்த அரிய தேவாலயம் அங்கே இருந்தது. அதன் கூரையைப் புயல் பிய்த்துக்கொண்டு போனது.

இதில் மனதை அறுக்கும் ஒரு விஷயம்: 2006-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில், பரோக் தேவாலயங்களின் விரிவாக்கமாக லோபோக், கீவான், பொல்ஹோன், லாசி, துமாவினி ஆகியவற்றைப் பிலிப்பைன்ஸ் முன்வைத்திருந்தது. அவற்றில் இரண்டை ஒரே மழைக்காலம் நொறுக்கிவிட்டது.

லோவோனில் கற்குவியலை அள்ளிக் கொட்டிவிடாமல் பொறுக்கிப் பிரித்து அடுக்கினார்கள். தேசிய அருங்காட்சியகத்தின் பொறுப்பில் மீண்டும் கட்டி 2021-ல் மறைமாவட்டத்திடம் ஒப்படைத்தார்கள். எட்டு ஆண்டு. அதுவரை ஊர் தற்காலிகக் கொட்டகையில் பூசை கண்டது.

திரும்பக் கட்டியதைப் பழமையானது என்று சொல்லலாமா?

கறாரான வல்லுநர்கள் தயங்குவார்கள். பழஞ்சின்னங்களைப் பாதுகாப்பது பற்றி உலக வல்லுநர்கள் வகுத்த 1964-ன் வெனிஸ் சாசனம், புதிதாகச் சேர்ப்பது பழையதிலிருந்து வேறுபடுத்திக் காணும்படி இருக்க வேண்டும் என்கிறது. அதே துறையின் 1994-ன் நாரா ஆவணம் ஒவ்வொரு பண்பாட்டுக்கும் உண்மைத்தன்மையை அளக்கும் அளவுகோல் வேறாக இருக்கலாம் என்று கதவைத் திறந்தது. என் பார்வையில், பழைய கல் பழைய இடத்துக்குப் போய், புதிய கல் புதியது என்று தெரிந்து, எந்த நாளில் விழுந்து எந்த நாளில் எழுந்தது என்பது வாசலிலேயே எழுதப்பட்டிருந்தால் அதில் ஏமாற்று இல்லை. நான்கு உலகச் சின்னங்களும்கூடப் பலமுறை பழுது பார்க்கப்பட்டவைதான்.

இதைச் செய்ய முன்கூட்டியே அளவெடுத்த வரைபடங்கள் வேண்டும். விழுந்த பிறகு பழைய கல்யாணப் புகைப்படங்களைத் தேடிக்கொண்டு அலைய நேர்கிறது. 2022 ஜூலையில் வட லூசோனில் 7.0 அளவு நிலநடுக்கம் வந்து விகான் பக்கத்து பன்டாய் மணிக்கூண்டின் செங்கற்கள் சரிந்தன. 2025 செப்டம்பர் இறுதியில் செபுவின் வடக்கே தான்பந்தாயான் தேவாலயம் சேதமானது. அடுத்தது எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே அளவெடுக்கும் வேலை எல்லா ஊர்களிலும் இப்போதே நடக்க வேண்டியது.

பாதி புதைந்த தேவாலயம் ஒன்று உண்டாமே?

பம்பாங்கா மாகாணத்தின் பகோலோர். 1991-ல் பினாதூபோ எரிமலை வெடித்தது. கக்கிய சாம்பல் ஒவ்வொரு மழையிலும் சேறாக இறங்கி வந்தது. 1995-ல் அந்தச் சேறு ஊரை மூடியபோது தேவாலயத்தின் உயரத்தில் பாதி மண்ணுக்குள் போனது. ஊர்க்காரர்கள் அதைக் கைவிடவில்லை. பீடத்தையும் சுரூபங்களையும் தோண்டி எடுத்து, உயர்ந்துவிட்ட புதிய தரையில் நிறுத்தினார்கள். முன்பு ஜன்னலாக இருந்த திறப்பு வழியாக இன்று நடந்து உள்ளே போகலாம். மண்ணை எடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தரை மட்டமும் இப்போது அந்தக் கட்டிடத்தின் வரலாறு.

சான் செபாஸ்தியான் கல் கட்டிடம் இல்லையே, அதற்கும் இதே பராமரிப்பா?

இல்லை. நிலநடுக்கத்தில் அடுத்தடுத்து இடிந்து சலித்துப்போய், ரெக்கலெக்ட் துறவிகள் மணிலாவில் முழுக்க முழுக்க எஃகால் ஒரு கோதிக் தேவாலயம் எழுப்பினார்கள். பொறியாளர் ஹெனாரோ பலாசியோஸ் வடிவமைத்தார், பாகங்கள் பெல்ஜியத்திலிருந்து கப்பலில் வந்தன, 1891-ல் முடிந்தது. நிலநடுக்கத்தை வென்றுவிட்டது. கடல் காற்றையும் மழையையும் வெல்ல முடியவில்லை. உள்ளீடற்ற தூண்களுக்குள் மழைநீர் கசிந்து, வெளியே தெரியாமல் உள்ளிருந்தே துரு அரிக்கிறது. தேசியப் பொக்கிஷம் என்ற பட்டம் 2011-ல் கிடைத்தது. பட்டத்துக்கு முன்பும் பின்பும் அதைக் காப்பது, நீர் எங்கே நுழைகிறது என்று தேடித் தேடி அடைக்கும் பொறுமையான வேலைதான்.

கட்டிடத்திலிருந்து காணாமல் போன பொருள்கள் திரும்ப வந்ததுண்டா?

உண்டு. செபு தீவின் பொல்ஹோன் தேவாலயத்தில் பிரசங்க மேடையின் செதுக்குப் பலகைகள் 1980-களில் காணாமல் போயின. 2024 பிப்ரவரியில், சேகரிப்பாளர்கள் நன்கொடையாகத் தந்தார்கள் என்று நான்கு பலகைகளைத் தேசிய அருங்காட்சியகம் மகிழ்ச்சியோடு அறிவித்தது. செபு கொதித்தது. இவை எங்கள் பங்கின் சொத்து, யாரும் விற்க அனுமதி தரவில்லை என்று சொல்லிப் பேராயர் திருப்பிக் கேட்டார். மாகாண நிர்வாகமும் சேர்ந்துகொண்டது. இறுதியில் பலகைகள் ஊருக்கே திரும்பின. பொக்கிஷம் என்று பட்டம் கொடுத்த அமைப்பும் பொக்கிஷத்துக்கு உரிய ஊரும் எதிரெதிரே நின்ற அந்த வழக்கில், ஊர் சொன்னதே சரி என்று நினைக்கிறேன்.

இன்னும் பெரிய கதை பலங்கிகாவின் மணிகள். 1901-ல் அங்கே அமெரிக்கப் படைமேல் நடந்த தாக்குதலுக்குப் பழிவாங்கலாக ஊரை எரித்த அமெரிக்க வீரர்கள், தேவாலயத்தின் மூன்று மணிகளையும் எடுத்துச் சென்றார்கள். இரண்டு வயோமிங் மாநிலப் படைத்தளத்தில், ஒன்று தென்கொரியாவிலிருந்த அமெரிக்கப் படையிடம் இருந்தன. 2018 டிசம்பரில் மூன்றும் வீடு திரும்பின.

பொதுமக்கள் எதிர்த்தால் அரசுத் திட்டம் நிற்குமா?

லோபோக் போய்ப் பாருங்கள். ஆற்றின் குறுக்கே ஒரு கான்கிரீட் பாலம் தேவாலயத்தை நோக்கி வந்து, கரை தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது. முடித்திருந்தால் தேவாலய வளாகத்துக்குள்ளேயே இறங்கியிருக்கும். எதிர்ப்புக் கிளம்பியதால் பாதியில் நிறுத்தினார்கள்.

எப்போதும் இப்படி முடிவதில்லை. மணிலாவில் பினோந்தோவையும் இந்த்ராமுரோஸையும் இணைக்கும் பாலம், சான் அகுஸ்தினின் பாதுகாப்பு வட்டத்தைப் பாதிக்கும் என்று பாரம்பரிய ஆர்வலர்கள் எச்சரித்தும் 2022-ல் திறக்கப்பட்டது. சுவரைத் தொடாவிட்டாலும் சுற்றுப்புறத்தைக் குலைத்தால் யுனெஸ்கோ தகுதிக்கே கேள்வி வரும் என்பதைப் பலர் அன்றுதான் அறிந்துகொண்டார்கள்.

நமக்கும் இந்தத் தேவாலயங்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் பெருமைப்படும்படி இல்லை. 1762-ல் பிரிட்டனும் ஸ்பெயினும் போரில் இருந்தபோது மணிலாவைப் பிடிக்க ஒரு படை கப்பலேறியது மெட்ராஸிலிருந்துதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களும் அதில் போனார்கள். அக்டோபரில் மணிலா வீழ்ந்தது, நகரம் சூறையாடப்பட்டது, சான் அகுஸ்தினும் தப்பவில்லை. 1764-ல் படை திரும்பியபோது சிப்பாய்கள் சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே காய்ந்தா என்ற ஊரில் தங்கி, அங்கேயே மணம்முடித்தார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

பணமும் பட்டமும் இல்லாத ஒரு சிறிய பங்கு எங்கிருந்து தொடங்கலாம்?

கூரையிலிருந்து. மழைக்காலத்துக்கு முன் ஓட்டையை அடைத்து, நீர்த்தாரைகளில் இலைச் சருகை அள்ளி, கூரைத் தண்ணீர் சுவரடியில் தேங்காமல் ஓட வழி செய்தாலே பாதிச் சேதம் குறையும். அடுத்து மின்கம்பிகள். பழைய மரக்கூரைக்குள் ஓடும் பழைய ஒயர்களைத் தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். 2020 ஜூலையில் மணிலாவின் பண்டாகன் தேவாலயத்தில் தீப்பிடித்து, நானூறு ஆண்டுக்கு மேல் வணங்கிவந்த குழந்தை இயேசு சுரூபமும் எரிந்துபோனது.

சுரூபங்கள், வெள்ளிப் பாத்திரங்கள், ஞானஸ்நானப் பதிவேடுகள் எல்லாவற்றையும் படமெடுத்து, அளவோடு பட்டியலிட்டு, ஒரு பிரதியை மறைமாவட்டத்தில் வையுங்கள். பொல்ஹோன் மாதிரி ஏதாவது நடந்தால் 'இது எங்களுடையது' என்று நிரூபிக்க அந்தப் பட்டியல் வேண்டும். பங்குத்தந்தைகள் சில ஆண்டுகளில் மாறிவிடுவார்கள். ஆகவே பங்குப் பேரவையில் இரண்டு மூன்று பேராவது இந்தப் பொறுப்பைத் தொடர்ந்து வைத்திருக்க வேண்டும். யாராவது சிமெண்ட் மூட்டையோடு வந்தால் தேசிய அருங்காட்சியகத்துக்கோ வரலாற்று ஆணையத்துக்கோ ஒரு கடிதம் எழுதி, பதில் வரும்வரை மூட்டையைப் பிரிக்காமல் ஓரமாக வைக்கச் சொல்லுங்கள்.